வசந்தத்தை அறிவிப்பது யார்?

பெப்ரவரி மாதம் பிறந்ததும் உலகின் வெவ்வேறு மூலைகளில் வாழும் தோட்டக்காரர்கள் ஒரேவிதமான எதிர்பார்ப்புடன் மண்ணைப் பார்க்கத் தொடங்குகின்றனர். ரொறன்ரோவில் ஒருவர் பனி மூடிக் கிடக்கும் பின்வளவை யன்னலுக்கூடாகப் பார்த்து, கடந்த ஒக்டோபரில் தாம் புதைத்த ரியூலிப் குமிழ்களை அணில் விட்டுவைத்ததோ என எண்ணுகின்றார். இலண்டனில் இன்னொருவர் வேலிக்கரையில் தலைகுனிந்து நிற்கும் வெள்ளைச் சினோட்ரொப் பூக்களைக் கண்டு, இனி டஃபோடில் மலர அதிக நாளில்லை என ஆறுதல் கொள்கின்றார். மெல்பேர்ணில் அது கோடை. அங்குள்ளவர் அடுத்த செப்டெம்பரில் பூக்கவேண்டிய குமிழ்களுக்கு இப்போதே விலைப்பட்டியல் பார்க்கின்றார். யாழ்ப்பாணத்தில் ஒருவர் கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்து, இந்தப் பூவில் எத்தனை பிஞ்சாகும் என மனக்கணக்குப் போடுகின்றார்.

இவர்கள் அனைவரும் வசந்தத்துக்காகக் காத்திருக்கின்றனர் என ஒரே வரியில் எழுதிவிடலாம். பத்திரிகைக்குத் தலைப்பிட்டுப் பழகிய கைக்கு அது மிகவும் எளிது. ஆனால் அந்த வரி உண்மையாகாது. நால்வரும் காத்திருப்பது நான்கு வெவ்வேறு நிகழ்வுகளுக்காக. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு 'வசந்தம்' என்ற ஒற்றைச் சொல்லை எல்லாத் திசைகளிலும் ஒட்டிவிடுவதால் நாம் இழப்பவை சில உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சொல்லை எமது நாட்டில் மலினப்படுத்தியவர்கள் கவிஞர்கள் மாத்திரமல்லர். 2009 ஆம் ஆண்டு போர் முடிவுற்ற பின்னர் வட மாகாணத்துக்கென அரசாங்கம் வகுத்த அபிவிருத்தித் திட்டத்துக்கு 'வடக்கின் வசந்தம்' எனப் பெயர் சூட்டப்பட்டது. வீதிகள் போடப்பட்டன, மின்சாரம் வந்தது, 2014 இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் ஓடியது. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும் காணாமற்போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரக் கொட்டிலில் அமர்ந்திருந்த தாயின் காதில் அப்பெயர் எவ்வாறு ஒலித்திருக்கும்? வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டு கழிந்த பின்னரும் தன் வளவுக்குள் கால்வைக்க முடியாதிருந்தவருக்கு அது என்ன பொருள் தந்திருக்கும்? அந்த வளவில் அவர் நட்ட செவ்வரத்தை பூத்ததா, பட்டுப்போனதா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

அரசுகள் வசந்தத்தை முதலில் அறிவிக்கின்றன. பூ பின்னால் வரும் என மக்களை நம்பச் சொல்கின்றன. தோட்டத்தில் நடைமுறை இதற்கு நேர்மாறானது. அங்கே பூதான் அறிவிக்கும். மனிதர் செய்யக்கூடியது, அந்த அறிவிப்பைக் கேட்பதற்கு ஆயத்தமாக இருப்பது மட்டுமே.

பூ எவ்வாறு நாளறிந்து மலர்கின்றது என்பதைச் சிறிது விளங்கிக்கொள்வோம். குளிர்நாட்டுத் தாவரங்களுக்கு வெப்பம் வந்தாலே போதும், பூத்துவிடும் என்றுதான் எம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கின்றோம். அது பாதி உண்மை. ரியூலிப் குமிழுக்குள்ளே அடுத்த ஆண்டுக்கான பூவின் கரு முந்திய கோடையிலேயே உருவாகிவிடுகின்றது. ஆனால் அது தண்டோடு நிமிர்ந்து வெளியே வருவதற்கு 12 முதல் 16 வாரக் குளிர் வேண்டும். அந்தக் குளிரை அனுபவிக்காத குமிழை எவ்வளவு வெயிலில் வைத்தாலும் இலைகள் வரும். பூ குட்டையாக வரும், அல்லது வராமலே போகும். அப்பிளும் செரியும் இவ்வாறே. குறிப்பிட்ட அளவு குளிர்நேரம் கழிந்தால்தான் மொட்டு உறக்கம் கலையும். அதன் பின்னரே வெப்பத்தைக் கணக்கெடுக்கத் தொடங்கும். ஜனவரியில் இரண்டு நாள் வெயில் அடித்ததும் ஏமாந்து மலர்ந்துவிடாமல் தன்னைக் காத்துக்கொள்ள மரம் கற்றுக்கொண்ட வழி இது.

குளிர் இல்லாத ஊரில் ரியூலிப் வளர்க்க விரும்புவோர் என்ன செய்கின்றனர் தெரியுமா? சிட்னியில் வாழும் தோட்டக்காரர்கள் குமிழ்களைக் கடதாசிப் பையில் இட்டு வாரக்கணக்கில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்திருந்து, பின்னரே மண்ணில் நடுகின்றனர். அதே தட்டில் அப்பிள் பழம் வைக்கக்கூடாது என்பது அவர்கள் அனுபவத்தில் அறிந்த விதி. பழம் வெளிவிடும் எதிலீன் வாயு குமிழுக்குள் இருக்கும் பூங்கருவைக் கெடுத்துவிடும். மரக்கறிகளுக்கு நடுவே ஒரு செயற்கை மாரியை உண்டாக்கி, பூவை நம்பவைக்கும் முயற்சி அது.

கனடியத் தலைநகர் ஒட்டாவாவில் ஒவ்வொரு மே மாதமும் நடைபெறும் ரியூலிப் விழாவை எம்மவர் பலர் கண்டிருப்பர். அதன் பின்னணி ஓர் அகதிக் கதை. இரண்டாம் உலகப் போரின்போது ஜேர்மனியர் நெதர்லாந்தைக் கைப்பற்றியதும் இளவரசி யூலியானா தம் பிள்ளைகளுடன் ஒட்டாவாவில் தஞ்சம் புகுந்தார். 1943 ஜனவரியில் அவருக்கு அங்கே மார்கிரீத் என்னும் மகள் பிறந்தாள். நாடு திரும்பிய பின்னர், நன்றிக்கடனாக 1945 இல் 1,00,000 ரியூலிப் குமிழ்களை ஒட்டாவாவுக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கொடை இன்றும் ஆண்டுதோறும் தொடர்கின்றது. தஞ்சம் கொடுத்த மண்ணுக்கு அகதி ஒருவர் கொடுத்த கொடை ஒரு நகரத்தின் அடையாளமாகவே மாறிவிட்டது. புலம்பெயர்ந்த தமிழர் அந்தப் பூக்களுக்கு நடுவே நின்று படம் எடுக்கும்போது இதையும் நினைவிற் கொள்வது நல்லது.

பூவுக்காகக் காத்திருப்பதை ஒரு நாட்டுப் பழக்கமாகவே ஆக்கியவர்கள் யப்பானியர். அங்கே செரி மலர்வதை வானிலை அவதான நிலையம் முறைப்படி அறிவிக்கின்றது. ஒவ்வொரு நகரிலும் ஒரு மாதிரி மரம் உண்டு. தோக்கியோவுக்கான மரம் யசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கின்றது. அதிகாரி அருகிற் சென்று எண்ணிப் பார்த்து, ஐந்தாறு பூக்கள் விரிந்திருந்தால் மாத்திரமே 'மலர்ச்சி தொடங்கிற்று' என அறிவிப்பார். நான்கு பூ என்றால் மறுநாள் வருவார். அரச அறிவித்தல்களில் இத்தனை நேர்மையானது வேறொன்று இருக்குமோ என்பது ஐயமே.

தெற்கே தொடங்கும் இம்மலர்ச்சி வடக்கே ஹொக்கைடோத் தீவை அடைய மே மாதம் ஆகிவிடும். ஆனால் தென்கோடியிலுள்ள ஒக்கினாவாவில் நிலைமை தலைகீழ். அங்கே வேறொரு செரி இனம் ஜனவரியிலேயே பூக்கின்றது. அதுவும் குளிர் முதலில் எட்டும் வடபகுதியிலும் மலையுச்சியிலும் தொடங்கித் தெற்கு நோக்கிக் கீழிறங்குகின்றது. பெருந்தீவில் மலர்ச்சி வெப்பத்தைத் தொடர்ந்து செல்கின்றது என்றால், ஒக்கினாவாவில் அது குளிரைத் தொடர்ந்து செல்கின்றது. ஒரே நாடு, ஒரே பூவின் பெயர், இரண்டு எதிரெதிர்த் திசைகள். வசந்தம் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

தென் அரைக்கோளத்துக்குச் சென்றால் நாட்காட்டியே புரண்டுவிடுகின்றது. அவுஸ்திரேலியாவில் செப்டெம்பர் முதலாந் திகதி வசந்தம் பிறப்பதாகக் கொள்வர்; மஞ்சட் பூச்சொரியும் வற்றில் மரத்துக்கான நாளும் அதுவே. ஆயினும் அந்த மண்ணின் மூத்த குடிகள் ஐரோப்பியரின் நான்கு பருவக் கணக்கை ஏற்றவர்களல்லர். மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்மேற்கிலே வாழும் நூங்கார் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். அவற்றுள் 'கம்பராங்' என்பது காட்டுப் பூக்கள் நிலமெங்கும் விரியும் காலம். ஆறு பருவம் என்றதும் தமிழ் வாசகருக்குச் சட்டெனக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் நினைவுக்கு வரும். இரு மக்களுக்கும் இடையே ஒரு தொடர்பும் தேடவேண்டியதில்லை. தாம் வாழும் நிலத்தை உற்றுப் பார்த்தவர்கள் அந்நிலத்துக்குப் பொருந்தும் கணக்கைத் தாமே கண்டுகொண்டனர் என்பதே இதன் பொருள்.

நிலநடுக்கோட்டை அண்டிய சிங்கப்பூரில் நான்கு பருவமும் இல்லை, ஆறு பருவமும் இல்லை. ஆனாலும் அங்கும் பூவுக்கு நாளுண்டு. புறா ஓர்கிட் எனப்படும் சிறிய வெள்ளைப் பூ, திடீர் மழையினால் வெப்பநிலை சட்டெனக் குறைந்த நாளிலிருந்து ஒன்பதாம் நாள் ஊரெங்கும் ஒரே வேளையில் மலரும். ஒரு நாளுக்குள் வாடிவிடும். அதைக் காண விரும்புபவர் மழையிலிருந்து நாளெண்ணவேண்டும். வீதியோர எக்காளப்பூ மரங்களும் வறட்சியின் பின் மழை விழுந்ததும் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்குகின்றன.

இனி எமது மண்ணுக்கு வருவோம். சித்திரை, வைகாசி இரண்டும் இளவேனில் என்பது ஏட்டுக் கணக்கு. ஏப்ரல் மாதத்தின் முதல் இரு வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலாகக் கடந்துசெல்கின்றது. யாழ்ப்பாணத்தில் அந்நாட்களின் புழுக்கத்தை அறிந்த எவரும் அதை ஐரோப்பியரின் 'ஸ்பிரிங்' உடன் ஒப்பிடத் துணியமாட்டார். எனினும் அந்தப் புழுக்கத்திலேதான் கொன்றை பொன்னாகச் சொரிகின்றது. வேம்பு பூத்து முற்றமெல்லாம் உதிர்கின்றது. எங்கள் வீட்டுப் பெண்கள் அப்பூவைக் கூட்டியெடுத்துக் காயவைத்து வடகம் போடுகின்றனர். தென்னிலங்கையில் முள்முருக்கின் செந்நிறப் பூவும் குயிலின் குரலும் புத்தாண்டின் அறிகுறிகளாகச் சிங்கள மக்களால் போற்றப்படுகின்றன. யாழ்ப்பாணத்திலோ அந்த முள்முருக்குத் திருமண வீட்டுக் கன்னிக்காலுக்கு உரிய மரம். ஒரே மரம் இரு சமூகங்களுக்கும் நற்காலத்தின் அடையாளமாக நிற்கின்றது என்பதை எமது அரசியல்வாதிகளில் எத்தனை பேர் கவனித்திருப்பர்?

மலைநாட்டில் கதை வேறு. நுவரெலியாவில் ஏப்ரல் மாதம்தான் பூக்கண்காட்சியும் குதிரைப் பந்தயமுமாகப் பருவகாலம் கொண்டாடப்படும். சிங்கோனா மரம் வளர்ப்பதற்காக 1861 இல் தொடங்கப்பட்ட ஹக்கலைப் பூங்காவில் அப்போது ரோசாக்கள் நிறைந்திருக்கும். வெள்ளைக்காரர் தம் ஊர் வசந்தத்தின் நினைவில் உண்டாக்கிக்கொண்ட பருவம் அது என்பது வெளிப்படை. ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லின்மேல் உறைபனி படியும் ஆண்டுகளில், விடியுமுன் எழுந்து மரக்கறிப் பாத்திகளைப் பார்க்க ஓடும் மலையகத் தமிழரின் வேலையையும் அந்தக் கொண்டாட்டத்தோடு சேர்த்து எண்ணுவதே நியாயம்.

வடக்கு, கிழக்கின் வரண்ட நிலத்துக்கு உண்மையான எழுச்சிக் காலம் எது எனக் கேட்டால் நான் ஐப்பசியையும் கார்த்திகையையுமே சொல்வேன். கோடை முழுவதும் கார்த்திகைப்பூவின் கிழங்கு மண்ணுக்கடியில் உறங்குகின்றது. ரியூலிப் குமிழ் குளிருக்காகக் காத்திருப்பது போல இது மழைக்காகக் காத்திருக்கின்றது. சோளகம் ஓய்ந்து வாடை திரும்பி மழை விழுந்ததும் முளைத்து, வேலியைப் பற்றி ஏறி, சிவப்பும் மஞ்சளுமாகத் தீக்கொழுந்து போல விரிகின்றது. ஒட்டாவாக்காரருக்குப் பனி எதுவோ அதுவே எமக்கு வறட்சி. இரண்டையும் தாவரம் ஒரே வழியால் வெல்கின்றது: நிலத்துக்கடியிற் சென்று பொறுத்திருப்பது.

பழந்தமிழர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்துக்கே பூவின் பெயரை இட்ட மரபு எங்களுடையது. ஒவ்வொரு திணைக்கும் உரிய பெரும்பொழுதைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அதில் வேனில் எந்தத் திணைக்கு உரியது? பாலைக்கு. அதாவது பிரிவுக்கு. வடநாட்டார் வசந்தத்தை ஒன்றுகூடும் காலமாகக் கொண்டாடுகையில், தமிழ் இலக்கணம் வேனிலைப் பிரிந்து செல்பவனின் பாதையில் வைத்தது. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையும் பிரிவின் காதையே. பனி உருகும் ஏப்ரலில் புலம்பெயர் நாடுகளில் எம்மவர் உள்ளத்தில் மகிழ்ச்சியோடு ஒரு வலியும் கிளர்வதற்கு இந்த நினைவும் ஒரு காரணமாகலாம்.

இவ்வளவு நுட்பமாக நிலத்தையும் பூவையும் பொழுதையும் இணைத்துப் பார்த்த எம்மிடம் ஒரு பெருங்குறை உண்டு. நாம் நாள் குறித்து வைக்கவில்லை. கியோட்டோ நகரில் செரி முழுமையாகப் பூத்த நாள் பற்றிய குறிப்புகள் கி.பி. 812 முதல் கிடைக்கின்றன. பூக்காணும் விருந்துகளைப் பற்றி அரசவையினரும் துறவிகளும் தம் நாட்குறிப்புகளில் எழுதிவைத்தவை அவை. அவற்றை யசுயுகி அஒனோ என்னும் ஆய்வாளர் தேடித் தொகுத்தார். அதன் பயனாகவே 2021 இல் மார்ச் 26 ஆந் திகதி கியோட்டோவில் செரி முழுமையாக மலர்ந்தபோது, 1,200 ஆண்டுகளில் அதற்குமுன் இத்தனை விரைவாக அது மலர்ந்ததில்லை என உலகம் அறிந்துகொண்டது. இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் றொபேட் மார்ஷம் என்னும் நிலவுடைமையாளர் 1736 இல் முதற்பூ, முதல் இலை, முதற் குயிலோசை எனக் குறித்துவைக்கத் தொடங்கினார். அவர் சந்ததியினர் அதை 1958 வரை தொடர்ந்தனர். இத்தகைய குறிப்புகள் இலட்சக்கணக்கில் சேர்ந்ததால்தான், பிரித்தானியாவில் தாவரங்கள் 1986 க்கு முந்திய காலத்தைவிடச் சராசரியாக ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகப் பூக்கின்றன எனக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2022 இல் எடுத்துக்காட்ட முடிந்தது.

முன்னதாகப் பூத்தால் நல்லதுதானே எனச் சிலர் கேட்கக்கூடும். 2012 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்ததைச் சொல்கின்றேன். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கோடை போன்ற வெப்பம் அடித்தது. மக்கள் பூங்காக்களை நிறைத்தனர். அப்பிள் மரங்கள் வாரக்கணக்கில் முந்திக்கொண்டு மொட்டு விரித்தன. ஏப்ரலில் வழக்கமான உறைபனி வழக்கமான நாளிலேயே வந்தது. மலர்ந்த அப்பிள் பூ பூச்சியத்துக்குக் கீழ் இரண்டு, மூன்று பாகைக் குளிரையே தாங்கமாட்டாது. மாகாணத்தின் அப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ 80 சதவீதம் அழிந்தது. 2021 ஏப்ரலில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களும் பழத்தோட்டங்களும் இதே வகையில் கருகின. இரவிரவாகக் கொடிகளுக்கிடையே தீபங்களை ஏற்றிவைத்துப் போராடிய விவசாயிகளின் படங்களை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. பூ முந்திவிட்டது, உறைபனி பிந்தவில்லை. ஆபத்து அந்த இடைவெளியில்தான்.

குளிர் போதாமையும் இன்னொரு கேடு. யப்பானின் தென்பகுதியான ககோஷிமாவில் மாரி இதமாகிவிட்டதால் செரி மொட்டுகளுக்கு வேண்டிய உறக்கம் கிடைப்பதில்லை. சில ஆண்டுகளில் அங்கே பூ தோக்கியோவுக்குப் பின்னரே மலர்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் எந்தச் செடி எந்த ஊரின் குளிரைத் தாங்கும் எனக் காட்டும் அரச வரைபடம் 2023 இல் திருத்தி வெளியிடப்பட்டபோது, நாட்டின் ஏறத்தாழ அரைப்பங்கு நிலம் முன்னையதைவிட ஒரு படி வெப்பமான பிரிவுக்குள் நகர்ந்திருந்தது. தோட்டக்காரர் தம் வீட்டை விட்டு நகரவில்லை. காலநிலை அவர்களைத் தாண்டி நகர்ந்துவிட்டது.

யாழ்ப்பாணத்து மாமரத்துக்கும் இந்தக் கணக்கு உண்டு. மழைக்காலம் முடிந்து, தை, மாசியின் குளிர்ந்த இரவுகளும் வரண்ட பகல்களும் சேர்ந்தால்தான் மா நன்றாகப் பூக்கும். பூத்திருக்கும் வேளையில் காலந்தவறிய மழை விழுந்தால் பூ கறுத்துக் கொட்டிவிடும். இதை எந்த விவசாயியிடம் கேட்டாலும் சொல்வார். "முந்தி இப்படி இல்லைத் தம்பி" என்று தொடங்குவார். ஆனால் 'முந்தி' எப்படி இருந்தது என்பதற்கு எம்மிடம் எழுத்தில் என்ன இருக்கின்றது? எந்த ஆண்டில் எந்தத் திகதியில் எந்த ஊரில் மா பூத்தது? வாய்மொழியாக முதியவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதை ஆய்வாளர் முன் வைக்கும்போது திகதி கேட்பார். எம்மிடம் திகதி இல்லை.

போரும் இடப்பெயர்வும் ஒரு காரணம் என்பதை மறுக்கமாட்டேன். 1981 இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தோடு எத்தனையோ ஏடுகள் சாம்பலாயின. தொண்ணூறுகளில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடியவரிடம் வேப்பம்பூ எந்தத் திகதியில் பூத்தது எனக் கேட்பது நியாயமாகாது. ஆனால் முழுப் பழியையும் போரின்மேற் போட்டுவிடவும் முடியாது. 1841 இல் உதயதாரகை தொடங்கிய காலமுதல் எமக்குப் பத்திரிகை மரபு உண்டு. கோயில் நந்தவனங்கள் உண்டு. பள்ளிக்கூடங்கள் உண்டு. இவற்றுள் எதிலேனும் ஆண்டுதோறும் ஒரு மரத்தின் முதற்பூவை ஒருவர் குறித்துவைத்திருந்தால் அது இன்று விலைமதிக்க முடியாத ஆவணமாக இருந்திருக்கும். கியோட்டோவின் துறவிகள் காலநிலை மாற்றத்தை ஆராய்வதற்காகக் குறிப்பெழுதவில்லை. பூவைக் கண்டு மகிழ்ந்தனர்; மகிழ்ந்த நாளை எழுதிவைத்தனர். அவ்வளவே.

புலம்பெயர்ந்து வாழும் எமது மக்களிடம் இங்கே ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். மல்லிகைச் சாடியையும் முருங்கைக் கன்றையும் ஒக்டோபரில் நிலக்கீழ் அறைக்குள் கொண்டுசென்று, செயற்கை வெளிச்சத்தில் மாரி முழுவதும் காப்பாற்றி, மே மாதம் மீண்டும் வெளியே எடுக்கும் பெற்றோரை அவர்களுடைய பிள்ளைகளே கேலி செய்வதுண்டு. ஊர் நினைப்பு விடவில்லை என்பார்கள். நான் அந்தக் கேலியில் சேரமாட்டேன். ஒரு செடியை அதன் இயல்பான நிலத்துக்கு அப்பால் உயிரோடு வைத்திருக்கவேண்டுமானால் அதன் தேவையை நுணுக்கமாக அறிந்திருக்கவேண்டும். அது அறிவு. மார்ச் மாதத்தில் யன்னலோரத்தில் கத்தரி, மிளகாய் விதைகளை முளைக்கவைத்து, விக்ரோறியா நாள் விடுமுறை வரை பொறுத்திருந்து வெளியே நடும் ஸ்காபுறோத் தாய், ஒன்ராறியோ மண்ணின் உறைபனிக் கணக்கை அங்கே பிறந்த பலரைவிட நன்கு அறிவாள்.

ஆனால் அதே வளவில் அந்த மண்ணுக்குரிய பூ ஒன்றும் நிற்கவேண்டும் என்பது என் கருத்து. மல்லிகை நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்லும். நாம் இப்போது எங்கே நிற்கின்றோம் என்பதை அந்த ஊரின் பூவே சொல்லும். ஒஸ்லோவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, கார், கூதிர் என ஆறு பெரும்பொழுதையும் மனனம் செய்கின்றது. சித்திரை இளவேனில் என ஒப்புவித்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தால் வீதியோரத்தில் அழுக்குப் பனி கிடக்கின்றது. அப்பிள்ளைக்குத் தமிழ் பொய் சொல்வதாகத் தோன்றாதா? திணை என்பது பாடமாக்கவேண்டிய பட்டியல் அன்று, நிலத்தைப் பார்க்கும் ஒரு முறை என ஆசிரியர் சொல்லிக்கொடுக்கவேண்டும். பனி விலகியதும் வீதிக்கரையில் முதலில் எழும் மஞ்சள் நிறச் சிறுபூவை நோர்வே மக்கள் வசந்தத்தின் முதற்குறியாகக் கொள்வர். அதைத் தேடிச் சென்று, கண்ட நாளைத் தமிழில் எழுதிவரச் சொல்லவேண்டும். அண்டை நாடான சுவீடனின் வானிலை நிறுவனம், நாளின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலும் பத்துப் பாகைக்குக் கீழுமாகத் தொடர்ந்து ஏழு நாட்கள் இருந்தால் மட்டுமே வசந்தம் வந்ததாக ஏற்கின்றது. அதனால் அந்நாட்டின் தெற்கு முனையில் வசந்தம் வந்த பின்னரும் வடக்கு முனை வாரக்கணக்கில் மாரியில் உறைந்திருக்கும். பருவம் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதைப் பிள்ளைகள் இதிலிருந்து எளிதில் விளங்கிக்கொள்வர். புலம்பெயர் இலக்கியத்தில் பனிநிலத்தை ஆறாம் திணை எனப் பேசினோம். அந்தத் திணைக்குரிய பூ எது, பொழுது எது என நாம் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

இதற்குப் பெரிய நிறுவனமோ நிதியோ வேண்டியதில்லை. ஒரு கொப்பி போதும். ஒரே மரத்தைத் தெரிவுசெய்யவேண்டும், மரத்தை மாற்றக்கூடாது. முதற்பூ விரிந்த திகதி, பெருமளவில் பூத்த திகதி, உதிர்ந்து முடிந்த திகதி ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் எழுதவேண்டும். ஊரில் உள்ளோர் வேம்பு, கொன்றை, மா, கார்த்திகைப்பூ ஆகியவற்றைக் குறிக்கலாம். ரொறன்ரோவில் உள்ளோருக்கு ஹை பார்க் செரி மரங்கள் உண்டு. 1959 இல் தோக்கியோ மக்கள் கொடுத்த 2,000 மரங்களின் வழிவந்தவை அவை. 2020 இல் கொரோனா காரணமாகப் பூங்காவை மூடி, மக்களை வீட்டிலிருந்தே காணொளியில் பார்க்கச் சொன்னார்கள். மரங்கள் பார்வையாளருக்காகக் காத்திராமல் தம் பாட்டில் பூத்து உதிர்ந்தன.

மீள்குடியேறிய ஊர்களில் இன்று பலர் மீண்டும் வேலி கட்டி, கிணறு இறைத்து, கன்று நடுகின்றனர். அவர்கள் வளவில் நட்ட மா முதன்முறையாகப் பூக்கும் நாள், எந்த அரச விளம்பரப் பலகையும் சொல்லாத ஒரு செய்தியைச் சொல்லும். அந்த நாளைத் தவறவிடாமல் திகதியிட்டு எழுதிவையுங்கள். அந்தக் கொப்பியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். இன்னும் ஐம்பது ஆண்டுகளில் எவராவது 'முந்தி எப்படி இருந்தது?' எனக் கேட்கும்போது, அவர்களிடம் திகதி இருக்கும்.